நீ சொல்லியிருக்கலாமேம்மா

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அடுப்பில் குக்கர், வாசலில் கீரைக்காரம்மா. போனை வைத்த பிறகு மனசு ஆறவில்லை. 31 வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற பெண்ணுக்கு ஒரு வாக்கியத்தை ஒழுங்காக விளக்க வேண்டாமா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் உன் ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்ப்பவளுக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட கார்டில் நீ ‘ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்’ என்று எழுதினாய். பக்கத்தில் இருந்த பெண் ‘விஷ்’ஷை எடுத்துவிட்டு ‘ஹோப்’ போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குத் தெரியாதுதான். காது சொல்லும், காரணம் சொல்லாது.

தப்பு உன்னுடையது இல்லைடா. ‘விஷ் என்றால் விரும்பு, வாழ்த்து’ என்று போர்டில் எழுதிப்போட்டது எங்களைப் போன்ற டீச்சர்கள். வாழ்த்துக்கு அது சரி. ‘ஐ விஷ் யூ எ ஸ்பீடி ரெகவரி’ என்று பெயர்ச்சொல்லை வைத்து எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘விஷ்’ஷுக்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டால் அது வேறு சொல்லாகிவிடுகிறது. நடக்கக்கூடியதை ஆசைப்பட ‘ஹோப்’. இப்போது இல்லாததை, இனிக் கைக்கு வராததை ஆசைப்பட ‘விஷ்’. நம் ‘விரும்புகிறேன்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

‘ஐ விஷ் ஐ நியூ’, அதாவது எனக்கு இப்போது தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்பதில், ஏன் இறந்தகாலம் என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். ‘ரூல் அப்படி, மனப்பாடம் பண்ணு’ என்பேன். நல்ல பதில் நம் வாயிலேயே இருந்திருக்கிறது. ‘நாளைக்கு மழை வந்தால்’ என்கிறோமே, அந்த ‘வந்தால்’ எதிலிருந்து வந்தது? ‘வந்து’, ‘வந்தான்’ இவற்றில் இருக்கும் அதே இறந்தகால அடியிலிருந்து. நாளைய மழைக்கு நேற்றைய உருவத்தைக் கொடுக்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. இங்கிலீஷிலும் அந்த இறந்தகாலம் நேற்றைக் காட்ட வரவில்லை, நிஜத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைக்க வருகிறது. நீ நோயாளியிடம் ‘கேன் யூ’ என்பதை விட்டு ‘குட் யூ டர்ன் ஓவர் ஃபார் மி’ என்று பணிவாகக் கேட்கிறாயே, அங்கேயும் அதே தள்ளிவைப்புதான்.

இப்போது இல்லாததை ஓர் அடி தள்ளினால் ‘நியூ’. முடிந்துபோனதையே மாற்ற ஆசைப்பட்டால் இன்னும் ஓர் அடி தள்ளி ‘ஹேட் நோன்’. ‘இஃப் ஒன்லி’ என்று தொடங்கினால் அதே கணக்கு, வலி மட்டும் கொஞ்சம் கூடுதல். ‘விஷ்’ஷோடு ‘வுட்’ சேர்ந்தால் பெரும்பாலும் அடுத்தவர் மேல் ஒரு சலிப்பு இருக்கும், இல்லை உங்கள் லீட்ஸ் மழை மேல்: ‘ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெய்னிங்’. அதை உன்னைப் பற்றிச் சொல்லாதே. ‘ஐ விஷ் ஐ வுட்’ வராது, ‘ஐ விஷ் ஐ குட்’ என்றுதான் வரும். ‘ஐ விஷ் ஐ வேர்’ என்பதில் அந்த ‘வேர்’ பழைய இங்கிலீஷ் வினை வடிவத்தின் மிச்சம். பேச்சில் ‘வாஸ்’ என்றே நிறைய பேர் சொல்கிறார்கள். எழுதும்போது நீ ‘வேர்’ போடு.

அந்த ‘வேர்’ என்றதும் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் ‘விஷ்’ வைத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். எல்லாரும் பறவையாக ஆசைப்பட்டார்கள். ஒரு பெண் மட்டும் ‘ஐ விஷ் மை ஃபாதர் இஸ் ஹியர்’ என்று எழுதியிருந்தாள். நான் ‘இஸ்’ஸை சிவப்பு மையில் அடித்து, மேலே ‘வேர்’ என்று எழுதி, அரை மார்க் குறைத்து, அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன். அவள் அப்பா அந்த வருஷம் ஆடியில் இறந்தவர். எனக்கும் தெரியும். அன்றைக்கு வாக்கியம்தான் கண்ணில் பட்டது, பிள்ளை படவில்லை. ‘இஸ்’ என்று எழுதும்வரை அவர் அந்த வரியில் இருந்தார். நான்தான் அவரை ஓர் அடி தள்ளி வைத்தேன். இலக்கணப்படி நான் செய்தது சரி. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துத் திருத்தியிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளித் தமிழய்யாவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, தமிழில் ஆசைக்கும் இழப்புக்கும் தனித்தனியே இடைச்சொல்லே இருந்தது டீச்சர் என்றார். தொல்காப்பியம் ‘தில்’ என்பதற்கு விழைவு என்று பொருள் சொல்கிறது, ‘மன்’ என்பதற்குக் கழிவு, அதாவது கழிந்துபோனது, என்று. அதியமான் இறந்தபோது ஔவை பாடியதில் ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று வருகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். அவ்வளவுதான் வாக்கியம். அது இனி இல்லை என்பதை அந்த ‘மன்’ சொல்லிவிடுகிறது. முதல் டிகாக்‌ஷன் காபியை அப்பா என் டம்ளரில்தான் ஊற்றுவார். இதை எழுதும்போது அந்தச் சொல் இன்றைக்கு வழக்கில் இல்லையே என்றிருக்கிறது. இப்போது நம்மிடம் மிஞ்சியிருப்பது கடைசியில் இழுக்கும் ஓர் ஏகாரம். வந்திருக்கலாமே. சொல்லியிருக்கலாமே.

அதற்குத்தான் வந்தேன் பாப்பா.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்று நாளும் உனக்குச் சொல்லவில்லை. உனக்கு அங்கே நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனுக்கான ஆஸ்கி செய்முறைப் பரீட்சை. முடியட்டும், அதற்குள் அவருக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ வந்து சேர்ந்தபோது கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி இருந்தது. நீ கத்தவில்லை. சமையலறை வாசலில் நின்று, ‘நீ சொல்லியிருக்கலாமேம்மா’ என்று ஒருமுறை சொன்னாய். அப்புறம் அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த ஒரு சொல்லை இத்தனை நாள் இங்கிலீஷில் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ‘யூ குட் ஹேவ் டோல்ட் மி’ என்றால் சொல்ல வழி இருந்தது, நீ சொல்லவில்லை. ‘யூ மைட் ஹேவ் டோல்ட் மி’ என்றால் அதில் ஒரு மனத்தாங்கல். ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மி’ என்றால் அது உன் கடமை, தவறிவிட்டாய். நம் ‘சொல்லியிருக்கலாமே’யில் மூன்றும் இருக்கின்றன. நீ எதை நினைத்துச் சொன்னாய் என்று கேட்கத் துணிவில்லாமல் இருந்தேன். இனிக் கேட்கப்போவதும் இல்லை. என் பக்கத்து வாக்கியத்தைச் சொல்கிறேன்.

‘ஐ விஷ் ஐ ஹேட் டோல்ட் யூ’ என்று எழுதலாம். அதில் என் வருத்தம் இருக்கும், குற்றம் என் மேல் வந்து நிற்காது, விதி மாதிரி எங்கேயோ தொங்கும். ரயில்வே ஸ்டேஷனில் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்பதை ‘டீப்லி ரிக்ரெட்டட்’ என்று அறிவிப்பார்களே, அதில் வருந்துகிறவர் யார் என்றே இருக்காது. அப்படி ஒரு வாக்கியம் உனக்கு வேண்டாம். ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் யூ.’ முதல் நாள் ராத்திரியே, அவர் பேசிக்கொண்டிருந்தபோதே. ‘பாப்பா பரீட்சைக்குத் தயாராயிட்டாளா’ என்று அவர் கேட்டார். போனைப் போட்டு அவர் காதில் வைத்திருக்க வேண்டும். நன்றாகச் செய்துவிடுவாள் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அப்பா திதி தை மாசம் வருகிறது. ‘ஐ விஷ் யூ வுட் கம்’ என்று எழுதினால் நீ வரமாட்டாய் என்று சலித்துக்கொள்வது போல் ஆகிவிடும். ‘ஐ ஹோப் யூ வில் கம்.’ டூட்டி லிஸ்ட் போடுவதற்கு முன்னால் கேட்டுப் பார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்குக் காலையில் போன் பண்ணு. உன் குரலை அப்பா படத்துக்கு முன்னால் வைக்கிறேன்.

கார்டில் ‘ஹோப்’ என்று மாற்றிக் கொடுத்தாயா? உடம்பு சரியில்லாத அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

அம்மா