மதிப்பெண் போடுபவரிடமே மனம் திறக்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவ மாணவர்களின் தற்கொலை பற்றிய உங்கள் கட்டுரை, பாடச்சுமையையும் தூக்கமில்லாத டியூட்டியையும் சரியாகவே எடுத்துச் சொன்னது. ஆனால் ‘மாணவர்கள் தயங்காமல் உதவி கேட்க வேண்டும்’ என்று அதை முடித்துவிட்டீர்கள். அவர்கள் ஏன் கேட்பதில்லை?

2016இல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 43 நாடுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்ட ஆய்வுகளில், 11 சதவீதம் பேர் அது வந்ததாகச் சொன்னார்கள். மனச்சோர்வு தென்பட்டவர்களில் சிகிச்சைக்குப் போனவர்களோ சுமார் 16 சதவீதம்தான். இத்தனைக்கும் இந்த அறிகுறிகளைப் பாடமாகவே படிப்பவர்கள் இவர்கள். விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பல கல்லூரிகளில் மனநல ஆலோசனை என்றால் அதே கல்லூரியின் மனநலத் துறைதான். இன்று நோயாளியாக உட்காரும் மாணவி, அந்தத் துறையில் பயிற்சிக்கான போஸ்டிங் வரும்போது அதே பேராசிரியர் முன் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நிற்க வேண்டும். ஓ.பி.யில் சீனியர் இருப்பார், வார்டில் கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள். வழிகாட்டி என்று ஒதுக்கப்பட்டவரே இன்டர்னல் மதிப்பெண்ணும் போடுகிறார். அப்புறம், ‘இவளால் தாக்குப்பிடிக்க முடியாது’ என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மருத்துவ உரிம விண்ணப்பத்திலேயே மனநலப் பிரச்சினை பற்றிக் கேட்டு வந்தன என்பதை நினைத்தால், அந்தப் பயத்தை வீண் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஆலோசகர் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். யார் வந்தார்கள் என்ற விவரம் கல்லூரிக்குப் போகக் கூடாது. ஆலோசகரிடம் போவதற்கு டியூட்டி நேரத்திலேயே, காரணம் கேட்காமல் அனுமதி தர வேண்டும். மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் ஜெனீவா உறுதிமொழி 2017இல் திருத்தப்பட்டபோது, அதில், மருத்துவர் தன் நலனையும் கவனித்துக்கொள்வார் என்று சேர்த்திருக்கிறார்கள். அதற்கு நேரம் ஒதுக்குவது கல்லூரியின் கடமை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. மாணவர் ஒடுங்கிப் போயிருந்தால் தனியாக அழைத்து, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய செய்திகளில் இறந்த விதத்தை விவரிக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அதே பக்கத்தில், கண்ணில் படும்படி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை