ஆகஸ்டில் இலங்கை: கோயிலும் கடலும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் கூடவே வந்த பயணத் திட்டமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நீ ஓய்வு பெற்ற கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கிளம்புவது நல்ல முடிவு. பழைய நகரங்களையும் கடற்கரையையும் எட்டு நாளுக்குள் அலுக்காமல் சேர்த்துப் பார்ப்பதற்கு அதைவிட வசதியான நாடு நமக்குப் பக்கத்தில் இல்லை.

ஆனால் ஏஜென்சிக்காரர் போட்டுக் கொடுத்த திட்டத்துக்கு முன்பணம் கட்டிவிடாதே. சிகிரியா, கண்டி, நுவரெலியா, காலி, கடைசியில் பெந்தோட்டையில் மூன்று இரவு என்று எழுதியிருக்கிறார். ஜனவரிப் பயணம் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். நீ போவது ஆகஸ்டில். அவர் வருடம் முழுக்க ஒரே தாளைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார் போலிருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது தீவின் மேற்கு, தெற்குக் கரைகளில் நேராக மோதும். பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அந்தப் பக்கம்தான். நாள் முழுக்க மழை கொட்டும் என்று சொல்லவில்லை, வெயிலும் அடிக்கும். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அடியில் இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும், கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். மூன்று இரவுக்குக் காசு கொடுத்துவிட்டு ஹோட்டல் நீச்சல் குளத்தில் குளிப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதே காற்று மத்திய மலைகளில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு, கிழக்கே இறங்குகிறது. அங்கே அதைக் கச்சான் காற்று என்பார்கள். அதனால் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பக்கம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை கதை தலைகீழ்: கிழக்கில் மழை, தெற்கில் வெயில். முதலில் மாதம், பிறகு கரை, அந்தக் கரைக்குப் போகிற வழியில் எந்தெந்த நகரங்கள் வருகின்றன என்பது கடைசி. உன் ஏஜென்சிக்காரர் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

கிழக்குக் கரை என்று முடிவு செய்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஹபரணைக்குக் காரில் சுமார் நாலு மணி நேரம். சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை மூன்றும் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். மூன்று இரவும் ஒரே அறையில் தங்கு. தினமும் பெட்டி கட்டி ஹோட்டல் மாறுகிற திட்டத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் வீணாகப் போகும். குழந்தைகள் கூட இருந்தால் மூன்று.

சிகிரியாவுக்குக் காலையில் கதவு திறக்கும்போதே நின்றுவிட வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனைக் குன்று. தரையிலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர், சுமார் 1,200 படிகள். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் ஓவியங்களுக்குப் போகும் சுழல் படிக்கட்டில் வரிசை நகராது, முதுகில் வெயில் வேறு. ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. போனை முன்கூட்டியே பைக்குள் போட்டுவிடு. சிங்கப் பாதங்கள் இருக்கும் மேடைக்கு மேலே பாறையில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. கலைந்தால் குன்றையே மூடிவிடுவார்கள். பேரன்களுக்கு இதை அடிவாரத்திலேயே சொல்லிவிடு. மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்.

தங்கச்சியின் முழங்காலுக்கு இந்த ஏற்றம் வேண்டாம். பாதி வழியில் திரும்புவதும் லேசல்ல, குறுகலான படிகளில் எதிரே கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அடிவாரத்து நீர்த் தோட்டங்களே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவை, பக்கத்தில் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே: இறங்கி வரும் வழி நீங்கள் நுழைந்த இடத்தில் முடியாது. கார் வேறு நிறுத்தத்துக்குப் போய்விடும், எங்கே சந்திப்பது என்று ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். இதில் குழம்பிப்போய் வெயிலில் ஒருவரையொருவர் தேடுகிற குடும்பத்தை எந்த நாள் போனாலும் பார்க்கலாம்.

தம்புள்ளைக் குகைக் கோயிலை அன்று மாலைக்கு வை. ஐந்து குகைகள், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள், கூரை முழுக்க ஓவியம். டிக்கெட்டைக் கீழேயே வாங்கிக்கொண்டுதான் படி ஏற வேண்டும்.

பொலன்னறுவைக்கு மறுநாள் காலை முழுவதையும் கொடு. உன் திட்டத்தில் இது இல்லவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் அனுராதபுரத்தை வீழ்த்திய சோழர்கள் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர் இது. ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டிருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வானவன்மாதேவி ஈச்சரம், அடித்தளம் முதல் சிகரம் வரை கல்லாலேயே எழுந்த சின்னக் கோயில், இன்னும் முழுசாக நிற்கிறது. சோழ அரசி ஒருத்தியின் பெயர். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வழிகாட்டிப் பலகையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்றுதான் எழுதியிருக்கும், டிரைவரிடமும் அந்தப் பெயரையே சொல். மற்ற இடிபாடுகளிலிருந்து கொஞ்சம் வடகிழக்கே தள்ளி இருப்பதால் பல வண்டிகள் அங்கே நிற்காமலே போய்விடும். நடுவில் உள்ள புனித வளாகத்தில் வேளைக்காரப் படையின் தமிழ்க் கல்வெட்டும் நிற்கிறது: புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று தமிழ்ப் படைவீரர்கள் கொடுத்த உறுதிமொழி. எழுத்து வரிசையைக் காலைச் சாய்வெயிலில் பார்த்தால் கல்லில் வெட்டின ஆழம் தெரியும். உச்சி வெயிலில் வெறும் சாம்பல் பலகைதான்.

இங்கே டிக்கெட் இடிபாடுகளின் வாசலில் கிடைக்காது, ஏரிக்கரையிலுள்ள அருங்காட்சியகத்தில் வாங்க வேண்டும். அந்த ஏரிதான் முதலாம் பராக்கிரமபாகுவின் பராக்கிரம சமுத்திரம். உள்ளே இடத்துக்கு இடம் சோதிப்பார்கள், தாளைத் தொலைத்துவிடாதே. தெற்காசிய நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அசல் கடவுச்சீட்டைக் காட்டினால்தான். போனில் இருக்கும் படத்துக்குக் கிடைக்காமல் போகலாம். நாலைந்து பேர் போனால் மொத்தத்தில் பெரிய தொகை இது.

வட்டதாகே என்ற வட்டவடிவக் கோயில், கல் விகாரை இரண்டிலும் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை அடுப்புக்கல்தான். ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த காலுறை கொண்டுபோ. கல் விகாரையில் ஒரே பாறையில் வெட்டிய நாலு உருவங்கள்; படுத்திருக்கும் புத்தர் மட்டும் 14 மீட்டர் நீளம். தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைக்கூடக் கல்லில் காட்டியிருக்கிறான் சிற்பி, அதைப் பக்கவாட்டில் நின்று பார். சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதை அங்கே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். காவலர் விசில் ஊதுவார். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாத் தலங்களுக்கும் பொது.

அன்று மாலை மூன்று மணிக்கு யானை பார்க்க ஜீப். ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியா ஏரி வற்றி, ஓரத்தில் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு சில வருடங்களில் மின்னேரியாவில் தண்ணீர் வற்றுவதில்லை, யானைகள் கவுடுல்லைப் பக்கம் போய்விடுகின்றன. அதனால் பூங்காவின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டாதே. எங்கே நிற்கின்றன என்று அன்று மதியம் ஹபரணையில் கேட்டுப் போகலாம்.

நாலாம் நாள் திருகோணமலைக்கு. கந்தளாய் வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். பகலிலேயே போய்ச் சேர். இருட்டினால் அந்தச் சாலையில் காட்டு யானைகள் குறுக்கே நிற்கும். தங்குவதற்கு உப்புவெளி அல்லது நிலாவெளி. உப்புவெளி ஊருக்குப் பக்கம். நிலாவெளி இன்னும் வடக்கே, கூட்டம் குறைவு, புறாத்தீவுக்குப் படகு அங்கிருந்துதான். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர் என்பதால் சின்னக் குழந்தைகளுக்குப் பாசிக்குடாவைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே கடலை விட்டால் வேறொன்றும் இல்லை, உனக்கு இரண்டாம் நாளே கை பரபரக்கும். திருகோணமலையை எடு. ஹோட்டல் விளம்பரத்தில் கடலுக்குள் சூரியன் மறைவதுபோல் படம் போட்டிருந்தால் அந்த ஹோட்டலை விட்டுவிடு. அது கிழக்குக் கரை.

புறாத்தீவு தேசியப் பூங்கா. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆளுக்குக் கட்டணம், படகுக்குக் கட்டணம், அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும் என்று தனித்தனியாகச் சேரும். இரண்டு குடும்பம் ஒரு படகைப் பகிர்ந்துகொண்டால் தலைக்குக் குறையும். காலை முதல் படகில் போ. பிறகு கூட்டத்தின் கால்களில் மணல் கிளம்பி நீர் கலங்கிவிடும், மதியம் கச்சான் காற்றில் அலையும் எழும்பும். கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலில் நடக்க முடியாது. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். நீரில் இறங்கியபின் பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. மிதிபட்ட இடம் செத்துவிடும், காலும் கிழியும். முகமூடியைப் போட்டுக் குனிந்தபடி மிதக்கும்போது முதுகு வெந்துபோவது தெரியாது, எல்லோரும் முழுக்கை பனியனோடு இறங்குங்கள். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் தென்படலாம். துரத்தாவிட்டால் அவை தம் வழியே போகும்.

கோணேசர் கோயிலுக்கு மாலையில் போ. சம்பந்தர் பாடிய தலம். போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்த கல்லைக் கொண்டு கட்டிய கோட்டைக்குள் நுழைந்துதான் மலைக்கு ஏற வேண்டும், வழியில் மான்கள் மேயும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். தங்கச்சிக்கு இந்த ஏற்றம் சிரமமாக இருக்காது, வண்டி கணிசமான தூரம் போகும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்தில்தான். ஒவ்வொன்றிலும் சூடு வேறு, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வது, அரைமணி போதும்.

பலர் சறுக்குவது திரும்பும் நாளில்தான். திருகோணமலையிலிருந்து விமான நிலையம் ஆறு மணி நேரம். கடற்கரையில் கடைசிக் காலையும் இருந்துவிட்டு அன்றே விமானம் ஏறலாம் என்று கணக்குப் போடாதே. ஏழாம் நாள் விடியற்காலை கிளம்பி, இரண்டரை மணி நேரத்தில் அனுராதபுரம். வெயில் ஏறுமுன் மகாபோதி மரம், எல்லாளனை வென்ற துட்டகைமுனு எழுப்பிய ருவன்வெலிசாய தூபி, பிறகு ஜேதவனராமம். பழைய காலத்தில் 122 மீட்டர் உயரம் இருந்த செங்கல் தூபி அது. எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்தபடி. சாப்பிட்டுவிட்டுப் புத்தளம் வழியாக நீர்கொழும்பு, அங்கே கடைசி இரவு. விமான நிலையம் அரை மணி நேரம்.

கண்டியை இந்த முறை விட்டுவிடு. எசல பெரஹெரா என்ற ஊர்வலத் திருவிழா ஜூலை, ஆகஸ்டில் நிலவை ஒட்டி வரும்; அந்தப் பத்து நாளும் அறை வாடகை ஏறிவிடும், மாலையில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். பெரஹெரா பார்ப்பதற்கென்றே போனால் அது வேறு பயணம்.

சில்லறை விஷயங்கள். பயண அனுமதியை அரசின் இணையதளத்தில் மட்டும் வாங்கு, அதுபோலவே தோற்றமுள்ள தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, உன் மாலை நேர பியரைக் கணக்கில் வைத்துக்கொள். மின்செருகிக்குச் சதுர முனை மூன்று உள்ள மாற்றி வேண்டும். காரை டிரைவரோடு எட்டு நாளுக்கும் பேசும்போது டிரைவர் தங்கும் அறை, சாப்பாடு, நெடுஞ்சாலைக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கு. தகராறு வருவது எப்போதும் இந்த மூன்றில்தான்.

விமான டிக்கெட் எடுக்குமுன் வந்திறங்கும் நேரத்தை எனக்கு எழுது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேலென்றால் ஹபரணைக்கு இருட்டில் போக வேண்டியிருக்கும்; முதல் இரவையும் நீர்கொழும்பில் வைத்து, கடலில் ஒரு நாளைக் குறைத்து, திட்டத்தை மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வேலு