உப்புப் போட்டுத் தின்ற பூ

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான்.

"ஒரே சீன்தாம்ப்பா, அதுவும் டீக்கடைக்காரன், வேண்டாம்னுட்டேன்" என்று போனில் சொன்னாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

டிக் மில்லர் என்றால் உனக்குத் தெரியாது. 30 வருஷம் கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டிய எனக்கே பெயர் சமீபத்தில்தான் தெரிந்தது. டெர்மினேட்டரில் அர்னால்டுக்குத் துப்பாக்கிகளை எடுத்து எடுத்துக் காட்டிவிட்டு, கடைசியில் அவர் கையாலேயே சாவாரே ஒரு கடைக்காரர், அவர்தான்.

நியூயார்க்காரர். எழுத்தாளர் ஆகலாமென்று கலிபோர்னியா போய், ரோஜர் கார்மனிடம் நடிகராக மாட்டிக்கொண்டார். கார்மன் நாலு காசில் படம் முடிக்கிற ஆள். பேய், ரத்தம், பைக் கும்பல், எது ஓடுமோ அதை எடுப்பார். 1955-ல் மில்லருக்கு முதல் படம், செவ்விந்தியர் வேஷம். அவரைத் துரத்திச் சுடுகிற கூட்டத்திலும் அவரையே நிறுத்திவிட்டார்கள். தன்னைத் தானே சுட்டுக்கொள்ளாத குறை!

1959-ல் 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படத்தில் கதாநாயகன். 50,000 டாலர், ஐந்தே நாள் ஷூட்டிங். அடுத்த வருஷம் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்', பெரும்பகுதி இரண்டே நாளில் முடிந்தது. அதிலும் கதாநாயகன் வேஷம் அவரைத் தேடித்தான் வந்தது. போன படம் மாதிரியே இருக்கிறது என்று தள்ளிவிட்டு, பூக்கடைக்கு வருகிற ஒரு வாடிக்கையாளராக நடித்தார். கார்னேஷன் பூ மேல் உப்பைத் தூவி, நாம் கொய்யாக்காய் தின்கிற மாதிரி நின்றபடியே மென்று தின்கிறார். தினமும் நடக்கிற காரியம்போல ஒரு முகம். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

கதாநாயகன் வேஷத்தைத் தள்ளியது புத்திசாலித்தனமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் அவருக்குப் பெரும்பாலும் துண்டு வேஷங்கள். பல்ப் ஃபிக்‌ஷனில் நடித்ததையோ எடிட்டிங்கில் வெட்டியே விட்டார்கள். ஆனால் ஜோ டான்டே மாதிரி டைரக்டர்கள் படத்துக்குப் படம் அவரைக் கூப்பிட்டார்கள். கிரெம்லின்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான். 2019-ல், 90 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்த டீக்கடைக்காரனுக்கு இன்னும் ஆள் போடவில்லையென்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார். உனக்கு டீ ஆற்றத் தெரியாது, பொங்கலுக்கு வரும்போது நம் தெருமுனைக் கடையில் இரண்டு நாள் நின்று பழகிக்கொள்.

இன்னொன்று. போன படத்தில் நீ வந்த நேரம் பார்த்து அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா