சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக்க ஒரே விதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறோம். தேர்வு முடிவு வந்ததும் கடலூர், புதுச்சேரி கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் மேல்படிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க மார்க் ஷீட்டோடு வருவார்கள். பெயர், முகவரி, சாதிச் சான்று எண் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே வருவார்கள். 'சதவீதம்' என்ற கட்டம் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். கையில் உள்ள மார்க் ஷீட்டில் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்கு இத்தனை என்று வரும் சராசரிப் புள்ளி மட்டும்தான் இருக்கும்.

சி.ஜி.பி.ஏ. 6.5 வாங்கிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்தால் பெருக்கினால் 65 சதவீதம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இப்படித்தான். 9.5ஆல் பெருக்கினால் 61.75. இது பத்தாம் வகுப்புக்காக சி.பி.எஸ்.இ. சொன்ன கணக்கு, கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று நிறையப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கையேட்டின்படி 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கினால் 57.5தான் வருகிறது. குறைந்தபட்சம் 60 சதவீதம் கேட்கிற வேலைக்கு அந்தப் பெண் தகுதியானவளா, இல்லையா? எழுதிய பரீட்சை ஒன்றுதான். எந்த விதியைப் பிடிக்கிறோமோ அதைப் பொறுத்து அவள் உள்ளே அல்லது வெளியே. ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டாலும், சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் போவதில்லை.

சதவீதம் இருக்கட்டும். சி.ஜி.பி.ஏ. எப்படி வருகிறது என்பதே கடைசி வருடப் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தாளிலும் வாங்கிய கிரேடு புள்ளியை அந்தத் தாளின் கிரெடிட்டால் (அந்தத் தாளுக்குத் தரப்படும் எடை) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் தாளில் 6 புள்ளி, 2 கிரெடிட் செய்முறையில் 10 புள்ளி என்றால் சராசரி 8 என்று நினைத்துக்கொள்கிறார்கள். 24ஐயும் 20ஐயும் கூட்டி ஆறால் வகுத்தால் 7.33தான். செமஸ்டர் வாரியாக வந்த எஸ்.ஜி.பி.ஏ.க்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் இப்படித்தான் தப்பாகப் போகும். எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் சமமாக இருந்தால் மட்டுமே சரிவரும். இது முதல் செமஸ்டரிலேயே தெரிந்திருந்தால், கிரெடிட் அதிகமுள்ள தாளுக்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை அப்போதே முடிவு செய்திருக்கும். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள்? கல்லூரிதான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு போதும்.

'ஓ' கிரேடுக்கு 10, 'ஏ பிளஸ்'ஸுக்கு 9 என்று புள்ளிகளை வகுத்துத் தந்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.தான். சதவீதமாக மாற்றவும் நாடு முழுவதற்கும் ஒரே விதியை அதுவே அறிவிக்கட்டும். அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியை மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுத் தரலாம். சில இடங்களில் ஏற்கெனவே அச்சிடுகிறார்கள், எல்லோரும் செய்யலாமே. அப்படிச் செய்தால், விதியைச் சொல்லும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் தனியாக வாங்க, பிள்ளைகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்காது. அப்புறம், விண்ணப்பம் கேட்கிற நிறுவனங்களும் தேர்வு வாரியங்களும் சி.ஜி.பி.ஏ.வை அப்படியே எழுத ஒரு கட்டம் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.