பிள்ளைக் காம்பராவுக்கு வந்த அக்காவுக்கு

ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு (வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் இடம்) வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை.

பயிற்சி என்றால் பெனர் கட்டி, விளக்கேற்றி, மதியச் சாப்பாடு வரை உரை கேட்பது. இவர் வந்ததும் கதிரைகளை வெளியே எடுக்கச் சொன்னார். அப்புறம் எல்லோரையும் தவழ விட்டார். மூன்று வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் பார்த்தால், மேசைக்கு அடியிலேயே ஒரு முழு வீடு இருக்கிறது!

சிறுவர் அருங்காட்சியகங்களில் ஊழியர்களை இப்படியும் பழக்குவார்களாம். அமெரிக்காவின் புரூக்ளினில் 1899இல் திறந்ததுதான் உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம். அங்கே பொருட்கள் தொட்டுப் பார்க்கத்தான்.

கொழுந்துச் சாக்கையும் போத்தல் மூடிகளையும் கொட்டி, "எதையாவது செய்யுங்கள்" என்றார். ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் மூத்தவர் சாக்கைப் போர்த்தி, கங்காணியாகி, எங்களுக்கே பிரட்டு வைத்தார், அதுதான், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது. சிரித்து வயிறு வலித்தது.

பிள்ளையிடம் "இது என்ன?" என்று கேட்காமல், "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். காத்திருப்பதுதான் கஷ்டம். வாய் சும்மா இருக்காதே! ஆனாலும் வாயே திறக்காத ஒரு பிள்ளை இப்போது கதை சொல்கிறாள்.

அக்கா, பஸ் காசுகூட வாங்காமல் போய்விட்டீர்கள். அடுத்த முறை சாப்பாடு எங்கள் வீட்டில்தான், சரியா?