சங்குக்கு என்ன கலர்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

"வகுப்பில் படம் வரைஞ்சா நாவல் புரிஞ்சிடுமாக்கா?" என்று நேற்று போனில் கேட்டாய். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' நாவலை (ஆளில்லாத தீவில் பெரியவர்கள் துணையில்லாமல் மாட்டிக்கொண்ட பையன்களின் கதை) முதல் முறை நடத்தப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். நாவலின் 12 அத்தியாயத்துக்கும் 12 கட்டம் போட்ட நீளமான சார்ட். பையன்கள் கூட்டம் கூட்ட ஊதுகிற சங்கு, தீ மூட்ட உதவுகிற பிக்கி என்ற பையனின் கண்ணாடி, கப்பல் பார்த்து வரட்டும் என்று மூட்டுகிற தீ என்று மூன்று வரிசை. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் பத்து நிமிஷம். அந்தப் பொருள் அங்கே எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வரைய வேண்டும். கீழே பக்க எண் கட்டாயம். (அதை விட்டுவிடாதே. இல்லையென்றால் அவரவர் கற்பனைதான் சார்ட்டில் ஏறும்.)

முதல் நாள் எல்லாரும் சங்கைப் பென்சிலால் வரைந்து அப்படியே விட்டுவிட்டார்கள். 'சங்கு சுட்டாலும் வெண்மை தரும்' என்று படித்து வளர்ந்த பிள்ளைகள், சங்கு வெள்ளைதானே! ஒரு பெண் மட்டும் கலர் பென்சில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன கலர் மேடம்?" என்றாள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினோம். அடர்ந்த பாலேட்டு நிறம், அங்கங்கே மங்கிய ரோஸ் என்று இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் அதே சங்கு வெயிலிலும் காற்றிலும் கிடந்து கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடுகிறது. பதினோராவதில் ஆயிரம் வெள்ளைத் துண்டுகளாகச் சிதறுகிறது. நாம் பெருமையாகச் சொல்கிற வெண்மை, அந்தத் தீவில் சங்கின் உயிர் வற்றுகிற நிறம். கையில் சங்கு இருப்பவன்தான் பேசலாம் என்று பையன்கள் போட்ட சட்டமும் கூடவே வெளுத்துக்கொண்டு போகிறது. இத்தனை வருஷம் நான் இதை 'சங்கு என்றால் ஒழுங்கு' என்று ஒரே வரியில் நடத்தித் தாண்டியிருக்கிறேன்.

கண்ணாடி சுலபம். நான்காவதில் ஒரு பக்கம் உடையும், பத்தாவதில் களவு போகும்.

தீ வரிசையில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதே. நான்காம் கட்டத்தில் அணைந்துபோன தீ, தூரத்தில் நிற்காமல் போகிற கப்பல். கடைசிக் கட்டத்தில் முன்பு தலைவனாக இருந்த ரால்ஃபை மற்ற பையன்கள் வெளியே விரட்டிக் கொல்ல வைத்த தீ, அந்தப் புகையைப் பார்த்து வந்து நிற்கிற கடற்படை அதிகாரி. சார்ட்டை விரித்துப் பார்த்த ஒரு பையன், "அப்போ கொல்ல வச்ச தீயாலதான் தப்பிச்சாங்களா மேடம்?" என்று கேட்டான். அன்றைக்கு பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சார்ட் வாங்கப் போகும்போது ரோஸ் கலர் பென்சில் நாலைந்து கூடுதலாக வாங்கி வை. முதல் அத்தியாயத்துக்கு எல்லாருக்கும் அதுதான் வேண்டும்.

அன்புடன்,
அக்கா