செவலைக்காகக் கண் விழித்தவர்களுக்கு

எங்கள் அயனாவரம் குடியிருப்புக்காரர்கள், தெருக்காரர்கள், வேப்பேரி டாக்டர்கள், போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருந்த சொந்தபந்தங்கள் எல்லோருக்கும்,

எங்கள் வீட்டு நாட்டுக்கோழி செவலை பிழைத்துக்கொண்டாள். தையல் பிரித்தாயிற்று. இன்று காலை ஊறவைத்த கம்பைக் கொத்தித் தின்றுவிட்டு, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து வம்பு செய்திருக்கிறாள். மாடித் தொட்டியில் இருந்த தேங்காய் நாரைத் தின்று, கழுத்தடியில் தீனி தங்குகிற தீனிப்பை அடைத்து, ஆபரேஷன் வரை போனதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே ஓடி வந்தவர்கள்தானே. அந்தக் கதையை மறுபடி இங்கே விரிக்கப் போவதில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் இல்லாத மண்டையோடு எழுதுகிறேன், அங்கங்கே கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேப்பேரி. கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அவ்வளவு பழைய இடத்தில், ஆடும் நாயும் கிளிக்கூண்டும் நிற்கிற வரிசையில், ஒரு கட்டைப்பையோடு நின்ற என்னை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. அதற்கு முன் போன ஒரு கிளினிக்கில், "நாட்டுக்கோழிதானே, வேற வாங்கிக்கலாமே" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். வேப்பேரியில் ஓ.பி. சீட்டில் 'நாட்டுக்கோழி, பெட்டை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை பத்திரமாக வைத்திருக்கிறேன். தீனிப்பையைத் திறந்து அந்த நார் உருண்டையை எடுத்த டாக்டர் அம்மாவுக்கும், "உடம்பு கொதிக்குதே" என்று பதறிய என் அம்மாவிடம், கோழிக்கு 41, 42 டிகிரி செல்சியஸ் இருப்பதுதான் இயல்பு என்று பொறுமையாகச் சொன்ன மாணவிக்கும் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் இந்த மடலை எழுதியே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது எங்கள் வாசலில் இரவு டூட்டி பார்க்கும் வாட்ச்மேன் அண்ணனால்.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: ஒரே தடவையில் வயிறு நிறையக் கொடுக்கக்கூடாது, பை விரிந்தால் உள்தையல் இழுபடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் கரைத்த ஆகாரமும். அதையும் வாய்க்குள் பீய்ச்சி அடிக்கக்கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, தண்ணீர் அதில் இறங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அது தானாக முழுங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையே கூடாது.

எனக்கோ லீவு தீர்ந்துவிட்டது. ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட். அம்மாவுக்குக் கை நடுக்கம், ஒரு கையில் கோழியும் இன்னொரு கையில் சிரிஞ்சுமாகப் பிடிக்க முடியாது. ஆபீஸ் கேப் வந்து ஹார்ன் அடிக்கிறது, நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கில் முழித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, இதுக்குப் போய் ஏன் அழுவுற? இங்க வை. நான் எப்படியும் முழிச்சிக்கினுதானே இருக்கப் போறேன்."

சிரிஞ்சை வாங்கினார். கோழியின் மார்பில், வலப்பக்கம், இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். "பை தொங்குது, ஆனா நாத்தம் இல்ல. நல்லதுதான்" என்றார். புளித்த வாடை வந்தால் பைக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரும் அதையேதான் மோந்து பார்க்கச் சொல்லியிருந்தார். செய்யாறு பக்கம் அவர் வீட்டில் ஒரு காலத்தில் நிறைய கோழி இருந்ததாம். எல்லாம் ஒரே கழிச்சலில் போய்விட்டதாம். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, கேப்காரரும் விடவில்லை.

விடிந்து வந்து பார்க்கிறேன். கூண்டின் மேல் அவருடைய கொசுவலை போர்த்தியிருக்கிறது. கொசு கடித்தாலும் கோழிக்கு அம்மை வரும், அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் காலெல்லாம் தடித்துப் போயிருந்தது. ஒன்றும் பேசாமல் மேசை மேல் இருந்த விசிட்டர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ரிஜிஸ்டர்தான். பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கொரியர் பையன்களும் கேஸ் சிலிண்டர்காரரும் கிறுக்கிவிட்டுப் போகிற அந்த நோட்டில், அன்றைய தேதிக்குக் கீழே, பெயர் என்ற இடத்தில் 'செவலை' என்று எழுதியிருந்தார். வண்டி எண்ணுக்கு ஒரு கோடு. 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் எங்கள் வீட்டு நம்பர். அதற்குக் கீழே, கட்டங்களைக் கண்டுகொள்ளாமல், குறுக்காக:

"12.10. தண்ணி 5 மில்லி. முழுங்கிச்சு."

"2.00. தூக்கம். எழுப்பல. மூச்சு சரி."

"3.15. எச்சம். பச்சை, தண்ணி."

"4.40. மஞ்சக்கரு தண்ணி குடுத்தேன். பாதி துப்பிச்சு. பை கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, கையெழுத்துக் கட்டத்தில், அவருடைய கையெழுத்து.

அதைப் படித்துவிட்டு லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டில் காலில் ஒரு சார்ட் தொங்கும், நர்ஸ் வந்து குறிப்பார். அதற்குச் சம்பளம் உண்டு, படிப்பு உண்டு. எங்கள் வீட்டுக் கோழி ராத்திரி மூன்றேகாலுக்கு என்ன நிறத்தில் எச்சம் போட்டது என்று டார்ச் அடித்துப் பார்த்து எழுதி வைக்க இவருக்கு என்ன இருக்கிறது? நான் கேட்கவும் இல்லை. கொடுத்தது சிரிஞ்ச் மட்டும்தான். எழுத வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. காலையில் வருகிறவள் ராத்திரி முழுக்க என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டு வருவாள் என்பது அவர் மனதில் ஓடியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு நடுவே மனிதர் இதை யோசித்திருக்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, வைக்கவும் வேண்டாம்.

அடுத்தடுத்த இரவுகளிலும் அந்த நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. மழை, கரண்ட் கட், எதற்கும் வரி நிற்கவில்லை. அசோசியேஷன் செயலாளர் தினமும் காலையில் ரிஜிஸ்டரைப் பார்த்து பச்சை மையில் டிக் போடுவார், எவ்வளவு கறாரானவர் என்று உங்களுக்கே தெரியும். செவலை வரிகளுக்கும் சேர்த்து டிக் போட்டுவிட்டுப் போனார். சார், நீங்கள் ஒன்றும் கேட்காமல் போனதற்கே உங்களுக்கு ஒரு தனி நன்றி. பிறகு படியில் பார்த்தபோது குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு எச்சம் எப்படி?" என்று கேட்டீர்களே, அதற்கு இன்னொன்று.

ரிவ்யூவுக்கு வேப்பேரி போனபோது அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் அம்மா போனை வாங்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பச்சைத் தண்ணி என்றால் வயிறு காலி, பித்தம் மட்டும் இறங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆகாரத்தைக் கூட்ட வேண்டும் என்றார். எந்த நேரத்தில் பை வேகமாகக் குறைகிறது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு மஞ்சள் கருவை மாற்றினார். பிறகு, "இது யார் எழுதினது, நர்ஸா?" என்றார். வாட்ச்மேன் என்றேன். பக்கத்தில் நின்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அப்புறம் ஒரு விடிகாலை. கேப்பை விட்டு இறங்குவதற்குள்ளேயே அண்ணன் நோட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார். அதில் கொட்டை எழுத்தில், "4.30. எச்சம் கெட்டி. மேல வெள்ளை. பை காலி." கோழி வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது, கெட்டியான எச்சத்தின் தலையில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் அது. குடல் ஒழுங்காக வேலை செய்கிறது, சிறுநீரகமும் வேலை செய்கிறது, தின்றது பையில் தேங்காமல் இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. ரோட்டில் நின்று கோழி எச்சத்துக்காக அழுதவள் அயனாவரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பால்காரர் பார்த்துவிட்டுப் போனார்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வேட்டி, புடவை எதுவும் வேண்டாம் என்றார். மிகவும் வற்புறுத்தின பிறகு, "ரிஜிஸ்டர் பேனா தீந்துபோச்சு, ரெண்டு ரீஃபில் வாங்கியா" என்றார். வாங்கிக் கொடுத்தேன். மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மெட்ரோ பள்ளங்களுக்கு நடுவே, கெல்லீஸ், டவுட்டன் வழியாக ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிப் போன ஆட்டோ அண்ணா. ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் சிரிஞ்சாகக் கொடுத்த மெடிக்கல் ஷாப் தம்பி. "பையைப் பிசையாதே பாப்பா, தடவு" என்று கடைக்குள்ளிருந்தே சத்தம் போட்ட கறிக்கடை பாய். கூண்டுக்கு சாக்குப்பை கொடுத்த கீரைக்கார ஆயா. திண்டிவனத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் போட்ட அத்தை. பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் மாடியில் காவல் இருந்த முதல் மாடி வாண்டுகள். கோழிகளைக் கொல்கிற வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்குமோ என்று தெருவே பயந்தபோது, கோழியை அப்புறப்படுத்து என்று சொல்லாமல், தங்கள் கோழிகளை மட்டும் தனியே கட்டிவைத்துக்கொண்ட பின்தெரு வீட்டுக்காரர்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அந்த வைரஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டியே போடுகிற தடுப்பூசிதான். நல்லவேளை, இது அது இல்லை.

அதைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். வருகிற பிப்ரவரியில் தடுப்பூசிக்கு செவலையைக் கூட்டிப் போகும்போது, தெருவில் யார் யார் கோழி வைத்திருக்கிறீர்களோ எல்லோருடையதையும் நானே கூடையில் எடுத்துப் போய் வருகிறேன். மாடித் தோட்டத்தில் தேங்காய் நார் போட்ட தொட்டிகளுக்கெல்லாம் வலை கட்டியாகிவிட்டது. தினமும் விடிகாலை, தீனி வைப்பதற்கு முன், பையைத் தொட்டுப் பார்க்க அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். காலி என்றால் சரி. இல்லையென்றால் அன்றைக்கு ஆபீஸ் கிடையாது.

கடைசியாக முட்டை விஷயம். நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். செவலை இன்னும் முட்டையிட ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தாலும், மருந்து உடம்பை விட்டுப் போகிறவரை அந்த முட்டையை யாரும் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நாள் தாண்டி வருகிற முதல் முட்டைகள் செய்யாறில் இருக்கிற வாட்ச்மேன் அண்ணனின் பேத்திக்கு. அடுத்தது ஆட்டோ அண்ணாவுக்கு. அதன் பிறகு யார் முன்னே யார் பின்னே என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், என்னை இழுக்காதீர்கள். முட்டை சாப்பிடாத மேல்வீட்டு மாமிக்கு மட்டும் மாடிக் கத்தரிக்காய்.

அன்புடன்,
மூன்றாம் மாடி, செவலை வீட்டுக்காரி